இதில மா இரிக்கா?

ரியாத்
4.11.1982

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். விமானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த மூதூர்ப் பெண் வழி முழுக்க வாந்தி, நான் வழி முழுக்க அழுகை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

வீடு பெரியது. வேலையும் அப்படித்தான். வீட்டுக்காரி கெட்டவள் இல்லை, ஆனால் குரல் பெரிது. பிள்ளைகள் ஐந்து பேர். கன்னத்தைக் கிள்ளினால் ரத்தம் வரும் போல அப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். காலையில் மோல்ட் மாவைப் பாலில் கரைத்து, பிஸ்கட்டை ஊறவைத்து, கிண்ணம் கிண்ணமாகத் தின்கிறார்கள். நான் ஊட்டிவிடும்போது என் முனீறாவின் கை கண்ணுக்குள் வருகிறது. நெத்தலிக் கருவாடு போல ஒரு கை. அல்லாஹ்வே, அவள் தூங்கும்போது சொல்லாமல் புறப்பட்டேனே. விழித்தால் விடமாட்டாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். விழித்ததும் என்ன கேட்டாள்? எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

உம்மாவின் வீடு மூத்த மகளுக்குப் போவது நம் ஊர் வழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. எனக்கு வீடு கட்டித் தருவதற்குள் வாப்பா மவுத்தாகிவிட்டார். நான் இருந்த குடிசையையும் எண்ட மனுசனையும் சூறாவளி ஒன்றாகக் கொண்டுபோனது. நாளைக்கு முனீறாவுக்கு மாப்பிள்ளை எடுக்க வேண்டுமென்றால் அவள் பேரில் ஒரு வீடு வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இப்போதே என்ன கல்யாணம் என்று அபுல் ஹஸன் மச்சான் சிரித்தார். அவருக்கென்ன, அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள்.

சம்மாந்துறைக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் மோல்ட் டின்னும் பிஸ்கட் டின்னும் கொடுத்துவிட்டேன். காலையில் மோல்ட் பாலில் பேக்கரிப் பாணை ஊறவைத்துக் கொடுங்கள், பின்னேரம் பிஸ்கட். உங்கள் மகன்மாருக்கும் கொடுங்கள். ஆனால் முதலில் அவளுக்கு. அவள் தேற வேண்டும் ராத்தா. நான் வேறு எதற்கு இங்கே கிடக்கிறேன்?

உங்கள் தங்கச்சி
நபீலா


கல்முனைக்குடி
10.12.1982

நபீலா,

ஸலாம். நீ மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். விழித்ததும், "உம்மா கடைக்கா போன?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பின்னேரம் வரைக்கும் படலையில் நின்றாள். போதுமா?

டின்கள் வந்தன. நீ சொன்ன மாதிரியே கொடுக்கிறேன். பிஸ்கட் டின்னில் ஒரு பெண் படம் போட்டிருக்கிறது அல்லவா, அதை "உம்மா" என்கிறாள். தூங்கும்போதும் பக்கத்தில் வேண்டுமாம். டின்னை வாங்கப் போனால் கடிக்கிறாள். உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் தேறவில்லை, புள்ள. வயிறு உப்பி, கால் கை சூம்பி, ஒரே வயிற்றோட்டம். மாந்தம் என்று பரிகாரி சூரணம் கொடுத்தார். கண்ணூறு என்று லெப்பை ஓதித் தண்ணீர் தந்தார். ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விஷயம். போன மாதக் கடைசியில் மழைக்குள் பேக்கரி பூட்டிக் கிடந்தது, கூப்பன் கடையிலும் மா இல்லை. நீ அனுப்பிய முதல் டின்களும் முடிந்திருந்தன. அந்த நாட்களில் சோறும் மீன் பாலாணமும்தான் கொடுத்தேன். ஆச்சரியம், வயிறு கொஞ்சம் இறங்கியது. முற்றத்தில் ஓடிக்கூட விளையாடினாள். பிறகு பாணும் வந்தது, நீ பிறகு அனுப்பிய டின்னையும் திறந்தேன், திரும்பவும் அதே கதை. இந்த டின் சாமான் அவளுக்கு ஒத்துவரவில்லை என்று எனக்குப் படுகிறது. மச்சான், "உனக்கென்ன டொக்டர் எண்ட நினைப்பா?" என்கிறார். கொஞ்ச நாளைக்கு நிறுத்தட்டுமா? நீ சொன்னால் நிறுத்துகிறேன். பிள்ளை உன்னுடையது.

ஜுனைதா


ரியாத்
9.1.1983

ஜுனைதா ராத்தாவுக்கு,

ஸலாம். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள். கமீலா. நம் ஊர்தான், கடற்கரைப் பள்ளி ஒழுங்கை. புறப்படுவதற்கு முதல் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தாளாமே. "எலும்ப எண்ணலாம்கா நபீலா, உண்ட புள்ளைக்கு அங்க சாப்பாடு குடுக்கிறதா எனக்கு விளங்கல்ல" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். உங்கள் மகன்மார் எப்படி என்று கேட்டேன். நல்லாயிருக்கிறார்களாம். உருண்டு திரண்டு இருக்கிறார்களாம்!

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன். "நிறுத்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் நிறுத்த வேண்டும்? பாலும் பிஸ்கட்டும் தின்று மெலிந்த பிள்ளையை உலகத்தில் யாராவது கண்டார்களா? வெறும் சோறும் ஆணமும் தின்று தேறினாளாம். யாருக்குக் கதை சொல்கிறீர்கள்? நான் இங்கே ஐந்து பிள்ளைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உம்மாவின் வீட்டை எடுத்தீர்கள், வாய் திறக்கவில்லை. உம்மாவின் காப்பை எடுத்தீர்கள், அதற்கும் வாய் திறக்கவில்லை. என் பிள்ளையின் வாய்க்குப் போவதையும் எடுத்தால் நான் பேசாமல் இருக்கமாட்டேன்.

இனி மோல்ட் பாலும் பாணும் பிஸ்கட்டும் மூன்று நேரமும் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சல்மா உம்மாவை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு கொடுங்கள். அவ பார்த்தேன் என்று சொன்னால்தான் நான் நம்புவேன். இன்னும் டின் அனுப்புகிறேன்.

நபீலா


கல்முனைக்குடி
2.2.1983

நபீலாவுக்கு,

உன் கடிதத்தை மச்சான் சத்தமாக வாசித்தார். பாதியில் நிறுத்தினார். முழுக்க வாசியுங்கள் என்றேன்.

நீ சொன்னபடி செய்கிறேன். காலை, பகல், பின்னேரம். சல்மா உம்மா வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறா. முதல் நாள் பின்னேரமே பிள்ளை வாந்தி எடுத்தாள். அதையும் சல்மா உம்மா பார்த்தா. "வேணாங்கா, நிப்பாட்டு" என்று சொன்னா. நான் நிறுத்தவில்லை. அடுத்த வேளை திரும்பவும் கரைத்துக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டவளின் மூக்கைப் பிடித்துக் கொடுத்தேன். பிஸ்கட் என்றால் மட்டும் தானே கேட்டு வாங்குகிறாள், உம்மாவின் பிஸ்கட் என்று.

என்னைக் கள்ளி என்று எழுதினாய். நான் கள்ளி இல்லை என்பதற்கு உன் பிள்ளையின் வயிறுதான் சாட்சி சொல்ல வேண்டுமென்றால் சொல்லட்டும். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜுனைதா


கண்டி
20.3.1983

நபீலா,

பயப்படாமல் வாசி. பிள்ளை இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி கடைசியில் அவளுக்கு எழும்ப ஏலாமல் போய்விட்டது. தலை நிற்கவில்லை, கண் மேலே சொருகிவிட்டது. மச்சான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கல்முனையில் சேலைன் ஏற்றிவிட்டு, உடனே கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பஸ்ஸில் என் மடியில் கிடந்தாள், ஒரு தலையணைப் பாரம்கூட இல்லை. மகியங்கனை தாண்டும்போது மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கைவைத்துப் பார்த்தேன். ஒரு தரமா இரண்டு தரமா!

இங்கே ஒரு சிங்கள டொக்டர், வயசாளி, பிள்ளைகளின் வருத்தத்துக்கென்றே சீமையில் படித்தவராம். வாய் வழியாக ஒரு சின்னக் குழாயை விட்டுக் குடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நேர்ஸ் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்: பிள்ளைக்கு என்ன கொடுப்பாய்? சொன்னேன். எப்போதிருந்து வயிறு இப்படி? நினைத்துப் பார்த்தேன். நீ முலை மறக்க வைத்து, சூறாவளி நிவாரணத்துக்குக் கிடைத்த அமெரிக்கன் மாவில் கஞ்சி காய்ச்சத் தொடங்கினாயே, அப்போதிருந்து. சொன்னதும் அவர் மேசையில் கையால் தட்டினார்.

கோதுமைதானாம் நபீலா. கோதுமை மாவைக் குழைக்கும்போது ரப்பர் மாதிரி இழுபடும் அல்லவா, அந்தப் பசை இவளுடைய குடலுக்கு ஆகாது. குடலைத் தேய்த்துவிடுமாம், அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் உடம்பில் சேராது. பார்லியிலும் அது இருக்கிறதாம். மோல்ட் செய்வது பார்லியில்தானாம். பாண், பிஸ்கட், ரவை, சேமியா, மோல்ட் ஒன்றும் கூடாது. இன்றைக்கும் கூடாது, அவள் கிழவியான பிறகும் கூடாது. மருந்து இல்லை, சாப்பாடுதான் மருந்து. சோறு, குரக்கன், சோளம், மரவள்ளி, மீன், முட்டை எல்லாம் தின்னலாம்.

நான் கேட்டேன், "சோறு மட்டும் குடுத்தா தேறுவாளா ஐயா?" என்று. நேர்ஸ் திருப்பிச் சொன்னதும் அவர் சிரித்தார். சோறு தின்கிற ஊரில் பிறந்தது இந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம் என்றாராம். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. வாந்தி எடுத்த அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். உன் மேல் இருந்த கோபத்தைப் பிள்ளையின் வாயில் ஊற்றினேன்.

ஜுனைதா


ரியாத்
14.4.1983

ராத்தா,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. வீட்டுக்காரர் தபால் பெட்டியைப் பார்க்கவே இல்லையாம். கண்டிக் கடிதத்தைத்தான் முதலில் உடைத்தேன். பிறகு பெப்ரவரிக் கடிதம். மூக்கைப் பிடித்துக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குள் போய் அதைத் திரும்ப வாசித்தேன்.

உங்கள் மேல் கோபிக்க எனக்கு வாய் இல்லை. பிடித்தது உங்கள் கையாக இருக்கலாம், பிடிக்கச் சொன்னது நான். நிறுத்தட்டுமா என்று கேட்டீர்கள். ஒரே ஒரு சொல், ஓம் என்று எழுதியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக வீட்டை எழுதினேன், காப்பை எழுதினேன். எந்தக் காப்பு ராத்தா? உம்மா மவுத்தாகும்போது அந்தக் காப்பு கையில் இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

இங்கே பிள்ளைகளுக்குப் பிஸ்கட் ஊறவைக்கும்போது இன்று கிண்ணத்தை உடைத்துவிட்டேன். வீட்டுக்காரி கத்தினாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? நான் மாதா மாதம் என் பிள்ளைக்கு நஞ்சை டின்னில் அடைத்து அனுப்பினேன் என்று எந்த மொழியில் சொல்ல?

ஊருக்கு வருகிறேன் என்றேன். ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்களாம், பாஸ்போட் அவர்களிடம் இருக்கிறது. நீங்களே பாருங்கள் ராத்தா. இனி உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். எதற்கும் கேட்க வேண்டாம்.

நபீலா


கல்முனைக்குடி
5.6.1983

நபீலா,

ஸலாம். நோன்பு வருகிறது, அதற்குள் எழுதிவிட வேண்டுமென்று உட்கார்ந்தேன். முனீறா மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு, கோழிகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். வயிறு இறங்கிவிட்டது. தலைமயிர் மின்னுகிறது. நேற்று என் பெரிய மகனின் தலையில் கொட்டினாள். அவன் அழுதுகொண்டு வந்தான், நான் அவனுக்குத் தெரியாமல் சிரித்தேன்.

கோதுமையை நிறுத்துவது லேசு என்று நினைத்தேன், என்ட வாப்போ! பாணை நிறுத்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் மாதத்திலேயே திரும்பவும் வயிற்றால் போனது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். பார்த்தால் இடியப்பம்! கடை இடியப்பத்தில் பாதி அமெரிக்கன் மாவாம், கேட்டதற்கு, "அது கலக்காம ஆர் தங்கச்சி புழியிற?" என்கிறாள் விற்கிறவள். சரியென்று வீட்டில் அரிசி இடித்துப் பிட்டு அவித்தேன். அதற்கும் கொஞ்சம் போனது. நாலு நாள் யோசித்தேன். அரிதட்டு! அதே அரிதட்டில்தானே மற்ற மாவையும் சலிக்கிறேன். இப்போது அவளுக்குத் தனி அரிதட்டு, பிட்டு அவிக்கத் தனி நீத்துப்பெட்டி, தனிச் சட்டி. பிறகு அதுவும் வேண்டாமென்று வீட்டில் கோதுமை மாவையே விட்டுவிட்டேன். மச்சானுக்குப் பாண் வேண்டுமென்றால் கடையில் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருகிறார். மகன்மார் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பசித்தால் எல்லாம் சரி.

பெரிய பாடு உன் பிஸ்கட்தான். ஒளித்து வைத்தால் அழுகிறாள், எறிந்தால் உம்மாவை எறிந்தேன் என்று அழுகிறாள். கடைசியில் டின்னைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, அரிசி மாவும் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் பிடித்து உருண்டை செய்து அதற்குள் போட்டேன். உம்மா அனுப்பினது என்று சொல்லிக் கொடுத்தேன். பொய்தான். தின்றாள்.

விராத்து ரொட்டியில் ஒரு கூத்து நடந்தது, அதையும் சொல்லவேண்டும். உனக்குத்தான் தெரியுமே, நோன்புக்குப் பதினைந்து நாள் முன்னால் வரும் விராத்து இரவுக்கு ஊர் முழுக்க ரொட்டி சுட்டு, பள்ளியில் ஓதி, வீட்டுக்கு வீடு பழத்தோடு கொடுத்து வாங்குவோம். வேண்டாமென்று சொல்லுவது யாருக்கும் வராது. மறுநாள் காலையில் நான் கிணற்றடியில் நிற்க, சல்மா உம்மா ஒரு துண்டு கிள்ளி முனீறாவின் வாயில் வைத்துவிட்டா. நான் ஓடிவந்து வாய்க்குள் விரலை விட்டேன். "ஓதின ரொட்டிகா, பரக்கத்து. ஓதினது ஆருக்கும் ஒண்டும் செய்யாது" என்று அவ சொல்ல, நான் அவவின் வயசையும் பாராமல் கத்திவிட்டேன். பிள்ளை ஒரு கிழமை படுத்தாள். சல்மா உம்மா அன்றைக்கிருந்து படலையைத் திறக்கவில்லை. அவவிலும் பிழையில்லை, நான் மூக்கைப் பிடித்ததை உட்கார்ந்து பார்த்த பாவத்துக்குத்தான் ஓதின ரொட்டியை ஊட்டினாவோ என்னவோ.

ஊரையே காவல் காக்க என்னால் ஏலாது. அதனால் பிள்ளைக்கே பழக்கினேன். யார் எதைத் தந்தாலும், "இதில மா இரிக்கா?" என்று கேட்க வேண்டும். மா என்றால் அவளுக்குக் கோதுமை மாதான். கேட்காமல் வாயில் வைத்தால் அடி. கிளி மாதிரிக் கேட்கிறாள். பள்ளி லெப்பை பேரீச்சம்பழம் கொடுத்தபோதும் கேட்டாள், அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "இல்ல மனே, இது மதீனாவில இருந்து வந்த" என்றார்.

நீ எப்படி இருக்கிறாய்? உன்னைப் பற்றி ஒரு வரியும் நீ எழுதுவதில்லை.

ஜுனைதா


வரிப்பத்தான்சேனை
11.2.1986

ராத்தாவுக்கு,

ஸலாம். வீடு குடிபுகும் மௌலூதுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அசர் தொழுகை வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சான் தனியே வந்தார். பாதை சரியில்லை என்றார். அவர் வந்த பாதையில்தானே நீங்களும் வரவேண்டும்?

நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது உங்களுக்குக் கோபம். எனக்குத் தெரியும். நான் ரியாத்தில் இருந்து வந்து இரண்டாம் நாளே அவளோடு புறப்பட்டதும், நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், அவள் அந்தக் கதவைத் தட்டித் தட்டி அழுததும் ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் மூன்று வருசம் நான் கிடந்தது யாருக்காக? வாப்பாவின் வயலோரத்தில் கட்டிய இந்த வீடு யாருக்காக?

நேராகவே கேட்கிறேன். அவளுக்கு என்ன சொல்லி வளர்த்தீர்கள்? இந்த வீட்டில் ஒரு தூசி கோதுமை மா கிடையாது. நீங்கள் எழுதியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். தனி அரிதட்டு என்ன, அரிசியே என் கையால் புடைத்து, என் கையால் இடித்து அவிக்கிறேன். ஒவ்வொரு நேரமும் என் முகத்தைப் பார்த்து, "இதில மா இரிக்கா?" என்கிறாள். இல்லை மனே என்கிறேன். கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்கிறாள். சோற்றுக்குக் கேட்கிறாள். வாழைப்பழத்துக்குக் கேட்கிறாள். நேற்றுத் தண்ணீருக்கும் கேட்டாள் ராத்தா!

மச்சான் மௌலூதுக்கு வந்தபோது உங்கள் கையால் பிடித்த உருண்டை கொண்டுவந்தார். ஓடிப்போய் வாங்கி வாயில் போட்டாள். கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்று பார்த்தேன்.

உம்மா அனுப்பியதைத் தின்றுதான் சாகக் கிடந்தாய் என்று சொல்லிக் கொடுத்தீர்களா? சொன்னால் சொல்லுங்கள். அது பொய்யில்லை. தெரிந்துகொண்டால் மனசு ஆறும் என்று கேட்கிறேன்.

நபீலா


கல்முனைக்குடி
3.3.1986

நபீலா,

ஸலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. என் மகன்மார் தலையில் கைவைத்துச் சொல்கிறேன். சொல்லுகிறவளாக இருந்தால் அந்த டின்னுக்குள் மூன்று வருசம் உருண்டை பிடித்துப் போட்டிருப்பேனா? அவள் தின்ற நல்லதெல்லாம் உன் பேரில்தான் தின்றாள். ஆனால் கிணற்றடியில் பெண்கள் கதைப்பார்கள், பிள்ளைகளுக்குக் காது இருக்கிறது. அதை நான் எப்படி அடைக்க?

இன்னொன்று உனக்குத் தெரியாது. என்னிடமும் கேட்டாள். விராத்துக்குப் பிறகு முழுசாக ஒரு வருசம், நான் கொடுத்த ஒவ்வொரு கவளத்துக்கும் கேட்டாள். நான்தானே மூக்கைப் பிடித்துக் கொடுத்தவள், அவள் உடம்பு அதை மறக்கவில்லை போலிருக்கிறது. என் கையைப் பார்த்துப் பயந்தாள், புள்ள. கோபம் வரும், சட்டியை எறியலாம் போலிருக்கும். இல்லை மனே, இல்லை மனே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கேட்காமல் தின்றாள். நான் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவர் என்ன பெரிய விஷயம் என்று பேப்பர் பார்த்தார். நான் அடுப்படியில் இருந்து அழுதேன்.

நீயும் சொல்லிக்கொண்டே இரு. கேட்கிறாளே என்று முகத்தைச் சுழிக்காதே. அவள் கேட்பதால்தான் உயிரோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கோதுமைப் பணிஸ் கொடுக்கிறார்கள், வாங்கிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள், அது பட்ட கையைக் கழுவச் சொல்லு.

மௌலூதுக்கு வராதது பாதையால் இல்லை. உடுத்துப் படலை வரை வந்தேன். அங்கே வந்தால் திரும்பும்போது அவளும் என்னோடு புறப்படுவாள், நான் விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு தரம் ஒருத்தி அவள் தூங்கும்போது சொல்லாமல் போனாள், அப்படிப் போகச் சொன்னது நான்தான். அது போதும்.

கதவைச் சாத்தினது பிழை. அதை நினைக்காத நாள் இல்லை.

ஜுனைதா


வரிப்பத்தான்சேனை
8.4.1986

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். கேட்கட்டும் என்று விட்டேன். இல்லை மனே, இல்லை மனே. சொல்லிச் சொல்லி, சில நேரம் அவள் வாயைத் திறக்கும் முன்னமே என் வாயில் வந்துவிடும். அவள் சிரிப்பாள். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் தின்பாள்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். இப்போது சுகம், யோசிக்க வேண்டாம். பகல் முழுக்கக் கண் திறக்காமல் கிடந்தாள். நான் பச்சரிசிக் கஞ்சி காய்ச்சி, தலையை என் மடியில் தூக்கி வைத்துக் கரண்டியால் ஊட்டினேன். கேட்கவில்லை ராத்தா. வாயைத் திறந்தாள், குடித்தாள். இன்னொரு கரண்டி, அதற்கும் கேட்கவில்லை. அந்த நாள் வந்துவிட்டது, உங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது எனக்கு நாலு மாதத்தில் வந்துவிட்டது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். என்ன திமிர் எனக்கு!

கிண்ணம் முடிந்ததும் கண்ணை மூடியபடியே என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தாங்க, பெரியும்மா" என்றாள்.

நான் பெரியும்மா இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் கண்ணைத் திறப்பாள், திறந்தால் என் முகத்தைப் பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள். பிள்ளை இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டுமே. ஓம் மனே என்றேன். உங்கள் குரல் மாதிரியே மெதுவாகச் சொன்னேன். அடுத்த கிண்ணத்தையும் நீங்களாக இருந்தே ஊட்டி முடித்தேன்.

விராத்து இன்னும் இரண்டு கிழமையில் வருகிறது. இந்த வருசம் நம் வீட்டில் அரிசி ரொட்டி மட்டும் சுடலாம். நீங்கள் வாங்க ராத்தா. போகும்போது அவள் உங்களோடு புறப்பட்டால் புறப்படட்டும், நான் கதவைச் சாத்தமாட்டேன். சல்மா உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. அரிசியை ஊறப் போட்டுவிட்டு, நீங்கள் வரும்வரை இடிக்காமல் வைத்திருப்பேன்.

உங்கள் தங்கச்சி
நபீலா